எல்லோருக்கும் பழுத்த காடு

ராஸ்பெரி என்ற பெயர் நம் வீடுகளுக்குப் புதியதல்ல. பெருநாளைக்கு ஜெலி கரைக்கும்போது அதன் வாசம் அடுக்களையில் வீசும். ஐஸ்கிறீமின் மேல் ஊற்றும் சிவந்த பாணியிலும் அதைக் கண்டிருப்போம். ஆனால் பக்கற்றின் மேல் அச்சடித்த படத்தைத் தவிர, செடியில் தொங்கும் பழத்தைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பார்த்திருக்கலாம். தேயிலைத் தோட்டத்துப் பாதையோரங்களிலே அந்த இனத்தைச் சேர்ந்த முட்செடிகள் தாமாகவே வளர்ந்து கிடக்கின்றன. மற்றவர்களுக்கு அது ஒரு நிறம், ஒரு வாசம், அவ்வளவுதான்.

அந்தப் பழம் ஆளில்லாத் தோட்டம் போலக் காடெங்கும் காய்த்துக் கிடக்கும் ஒரு நாட்டுக்கு, 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே போய்வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நாடு நோர்வே. என் ராத்தாவின் மகள் திருமணமாகி அங்கே ஒஸ்லோ நகரில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டாவது குழந்தை கிடைத்தபோது, பிள்ளையைப் பார்க்கப் போன ராத்தாவுக்குத் துணையாக நானும் போனேன்.

நோர்வேயில் கோடை மிகவும் குறுகியது. வருடத்தின் பெரும்பகுதியைக் குளிரும் பனியும் எடுத்துக்கொள்ள, மிஞ்சியிருப்பது சில மாதங்களே. ஆனால் அந்தச் சில மாதங்களில் பகல் நீண்டு கிடக்கிறது. ஓகஸ்ட் முதல் வாரத்திலும் ஒஸ்லோவில் மஃரிபுக்கு இரவு ஒன்பதரை மணியாகிறது. அந்த நீண்ட வெளிச்சத்தைக் குடித்துத்தான் காட்டுப் பழங்கள் அவசர அவசரமாகப் பழுக்கின்றன. ஜூலை மாதத்தில் தரையோடு படர்ந்த சிறு செடிகளிலே கருநீலப் புளூபெரி. ஜூலைக் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை ராஸ்பெரி. செப்டெம்பரிலே லிங்கன்பெரி என்னும் சிவந்த புளிப்புப் பழம். சதுப்பு நிலங்களில் மஞ்சள் நிறமான இன்னொரு பழம். அதைக் ‘காட்டுத் தங்கம்’ என்று சொல்லுமளவுக்கு அந்த மக்களுக்கு அதன்மேல் ஆசை.

ஒஸ்லோ நாட்டின் தலைநகரம். அப்படியிருந்தும் காடு நகரத்தின் வாசலிலேயே நிற்கிறது. வடக்குப் பக்கத்துக் காட்டுக்கு நோர்ட்மார்க்கா என்று பெயர். நகரத்து மெட்ரோ ரயிலில் ஏறி, ஐந்தாம் இலக்கப் பாதையின் கடைசி நிலையமான சொங்ஸ்வானில் இறங்கினால் போதும். சில நிமிட நடையில் ஓர் ஏரி. அதைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நடைபாதை. அதற்கு அப்பால் பைன் மரமும் ஸ்புரூஸ் மரமுமாக ஒரே காடு. கட்டிடங்கள் விழுங்கிவிடாதபடி இந்தக் காடுகளைப் பாதுகாக்க 2009 இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை. கைக்குழந்தையை மார்போடு துணியால் கட்டிக்கொண்டு மருமகளும், வெறும் ஐஸ்கிறீம் டப்பா இரண்டைத் தூக்கிக்கொண்டு ஆறு வயதுப் பேத்தியும் முன்னே நடக்க, ராத்தாவும் நானும் பின்னால் நடந்தோம். பிரதான பாதையை விட்டுக் கிளைப்பாதையில் திரும்பி, மரம் வெட்டிய ஒரு திறந்த வெளியை அடைந்தபோது பேத்தி சத்தமிட்டாள். இடுப்பளவு உயரமான செடிகள்; இலையின் அடிப்புறம் வெண்மை; அதன் கீழே மறைந்தாற்போல் சிவப்புப் பழங்கள்.

பிள்ளை கையை நீட்டினாள். ராத்தா அவளைத் தடுத்தார்.

“மகள், இது ஆர்ட காணி? கேக்காமப் புடுங்கினா ஹறாமில்லியா?”

“உம்மா, இஞ்ச காட்டுப் பழம் புடுங்க ஆர்ட்டயும் கேக்கத் தேவல்ல. எல்லாருக்கும் உரிமை இருக்கு” என்றாள் மருமகள்.

“எல்லாருக்கும் எண்டா? நாம வெளிநாட்டு ஆக்கள் எல்லோ?”

“வந்து போறவங்களுக்கும் உரிமை இருக்கு உம்மா.”

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. மருமகளிடம் விபரமாகக் கேட்டேன். பிறகு அந்நாட்டுச் சட்டத்தையும் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க வியப்பாக இருந்தது.

நோர்வேயின் காட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இல்லை. நோர்ட்மார்க்காவின் பெரும் பகுதி ஒரு பழைய செல்வந்தக் குடும்பத்தின் தனிச் சொத்து. இன்னொரு பகுதி ஒஸ்லோ மாநகர சபையுடையது. மரம் சொந்தக்காரருடையது, அதை வெட்டி விற்கும் வருமானமும் அவருடையதே. ஆனால் நடந்து செல்லும் உரிமையும், அங்கே தாமாக முளைத்த பழத்தையும் காளானையும் பறிக்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. அவர்களுடைய மொழியில் இதற்கு ‘அல்லெமன்ஸ்ரெட்டன்’ என்று பெயர். எல்லா மனிதருடைய உரிமை என்பது அதன் பொருள். நெடுங்காலம் வெறும் வழக்கமாக இருந்ததை 1957 ஆம் ஆண்டிலே சட்டமாக எழுதி வைத்தார்கள். சொந்தக்காரரின் அனுமதி சட்டத்தாலும் வழக்கத்தாலும் முன்கூட்டியே கிடைத்துவிட்ட ஒரு பொருளில் மனம் சஞ்சலப்படத் தேவையில்லை என்று ராத்தாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் முதல் பழத்தைப் பறித்தார். அதையும் தாம் உண்ணாமல் பேத்தியின் வாயில் வைத்தார்.

உரிமை என்றவுடன் கட்டுப்பாடு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டு முற்றம், பயிர் நிலம், வேலியிட்ட தோட்டம் ஆகியவை உள்நிலம்; அங்கே இந்த உரிமை செல்லாது. காடு, மலை, சதுப்பு ஆகியவை வெளிநிலம், அங்கேதான் செல்லும். கூடாரம் அடிக்கலாம், ஆனால் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றருக்குள் கூடாது, ஒரே இடத்தில் கேட்காமல் இரண்டு இரவுக்கு மேல் தங்கவும் கூடாது. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் தீ மூட்டக் கூடாது. நான் சொன்ன அந்த மஞ்சள் பழத்துக்கு வடக்கு மாகாணங்களிலே தனி விதி: சொந்தக்காரர் தடுத்திருந்தால் பறித்துக்கொண்டு போக முடியாது; ஆனால் அங்கேயே நின்று உண்பதைத் தடுக்க முடியாது. வழிப்போக்கனின் பசிக்கும் வியாபாரியின் கூடைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்தச் சட்டம் எவ்வளவு நுட்பமாக அளந்திருக்கிறது பாருங்கள்.

இன்று நோர்வே செல்வந்த நாடு. ஆனால் இந்த வழக்கம் செல்வத்தில் பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதி வரை ஏறத்தாழ எட்டு இலட்சம் நோர்வே மக்கள் பிழைப்புத் தேடி வட அமெரிக்காவுக்குப் போனார்கள். ஏழைகள் நிறைந்த நாடு அது. காணியில்லாத குடும்பத்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் காட்டுப் பழம் கூலியின்றிக் கிடைத்த உணவு. 1940 முதல் 1945 வரை ஜேர்மனியப் படைகள் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோதும், பங்கீட்டு அட்டைக்குக் கிடைக்காததைக் காடு கொடுத்தது. இன்று கடையில் எல்லாம் வாங்கக்கூடியவர்களும் டப்பாவை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இனி பழத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ராஸ்பெரிச் செடிக்கு விந்தையான ஆயுள். வேர் பல வருடம் வாழும். தண்டு இரண்டே வருடம்தான். முதல் வருடம் தண்டு உயர்ந்து வளரும், பூக்காது. இரண்டாம் வருடம் பூத்துக் காய்த்து, பழத்தைக் கொடுத்துவிட்டுக் காய்ந்துவிடும். பக்கத்திலேயே அடுத்த வருடத்துக்கான இளந்தண்டு எழுந்து நிற்கும். பழம் பறிக்கும் அவசரத்தில் பக்கத்திலுள்ள பச்சைத் தண்டை மிதித்தால், மிதிபடுவது வருகிற வருடத்துப் பழம். மருமகள் தன் மகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தாள்.

மரம் வெட்டிய இடங்களிலும் பாதையோரங்களிலும் இந்தச் செடி அதிகம். காடு அடர்ந்து இருளாக இருக்கும் வரை அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்து வருடங்கள்கூட உறங்கிக் கிடக்கும். மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்ததும் முளைத்துவிடும். வெட்டுண்ட நிலத்தின் முதல் விருந்தாளிகளுள் ஒன்று அது.

பழம் ஒன்றே போலத் தோன்றினாலும், உண்மையில் பல சிறு மணிகள் ஒட்டிச் சேர்ந்த கொத்து. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை. நன்கு பழுத்ததா என்று அறிய நிறத்தை மட்டும் பார்க்க வேண்டாம். விரல் நுனியால் மெல்ல இழுத்தால், வெள்ளை நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு, தொப்பி கழன்றாற்போல் கையில் விழும். விழாவிட்டால் அது இன்னும் பழுக்கவில்லை. விட்டுவிட வேண்டியதுதான். புளூபெரியைச் சீப்புப் போன்ற பற்களுள்ள கருவியால் வாரி எடுக்கலாம். ராஸ்பெரியில் அது நடக்காது, பழம் நசிந்துவிடும். ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுக்க வேண்டும். அதனால் இரண்டு மணித்தியாலம் நின்றும் எங்கள் நால்வருக்கும் நிறைந்தது ஒன்றரை டப்பாதான். நால்வர் என்றது கைக்குழந்தையை விட்டுவிட்டு. பேத்தியின் டப்பாவை விட அவள் வாய்தான் அதிகம் சிவந்திருந்தது.

சகோதரிகள் கேட்கக்கூடிய ஒரு சந்தேகம்: இந்தப் பழத்துக்குள் சில வேளை சிறிய வெண்மஞ்சள் புழு இருக்கும். ஒரு வகைச் சிறுவண்டின் குஞ்சு அது. ராத்தாவும் கண்டுவிட்டு என்னிடம் கேட்டார். வெள்ளைப் பீங்கானிலே பழத்தைப் பரப்பிச் சற்று நேரம் வைத்தால் பெரும்பாலும் வெளியே ஊர்ந்து வந்துவிடும், எடுத்துப் போடலாம். பழத்திலேயே உண்டான புழு பிரிக்க முடியாதபடி பழத்தோடு சேர்ந்து போனால் அதில் குற்றமில்லை என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. பேரீச்சம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் நாம் கடைப்பிடிப்பதுதான்.

அந்த வெளியில் எங்களைத் தவிர வேறு சிலரும் பறித்துக்கொண்டிருந்தார்கள். வயதான ஒரு நோர்வே மாது தனியாகவே வந்திருந்தார். ஊன்றுகோல் ஒரு கையில், டப்பா மறுகையில். எங்களைக் கண்டதும் புன்னகைத்துவிட்டு, அதற்கு மேல் எதுவும் பேசாமல் தம் வேலையில் ஈடுபட்டார். தாம் நின்ற செடியில் எட்டாத உயரத்துப் பழங்களைப் பேத்திக்குக் காட்டி, வந்து பறிக்கும்படி கையசைத்தார். காட்டில் ஒரு பெண் தனியாக நிற்பதைக் கண்டு ராத்தா திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க குமரா இருக்கக்க பாலப்பழம் புடுங்கப் போனம். பொறகு சண்ட வந்த. காட்டுப்பக்கம் ஒரு பொம்புளயும் போகல்ல” என்றார்.

அவர் சொன்னது எங்கள் கிழக்கு மாகாணத்துக் கதை. பாலைப்பழமும் வீரைப்பழமும் கூழாம்பழமும் பழுக்கும் காலத்தில் பெண்கள் கூட்டமாகக் காட்டோரம் போய் வருவார்கள். யுத்தம் தொடங்கியபின் காடு அச்சத்தின் இடமாயிற்று. கண்ணிவெடி, துப்பாக்கி, காணாமற்போதல். 2009 இல் சண்டை ஓய்ந்தது. ஆனால் ஒரு தலைமுறைப் பெண் பிள்ளைகள் அதற்குள் காட்டுப் பழத்தின் பெயரே தெரியாமல் வளர்ந்துவிட்டார்கள். ஒரு நாடு சமாதானமாக இருக்கிறது என்பதற்கு, பெண்ணொருத்தி அச்சமின்றிக் காட்டில் நின்று பழம் பறிப்பதை விட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

அச்சமின்மை என்றால் கவனமின்மை அல்ல. நோர்வேக் காட்டிலும் விஷப்பாம்பு ஒன்று உண்டு. அதனால் சப்பாத்து அணிந்துதான் போகிறார்கள். புல்லில் உண்ணி இருக்கும். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் உடம்பை ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள். நஞ்சுள்ள காட்டுப் பழங்களும் உண்டு. அதனால், பெயர் தெரியாத பழத்தை வாயில் வைக்காதே, முதலில் பெரியவரிடம் காட்டு என்று சிறு வயதிலேயே பழக்குகிறார்கள். பேத்தியும் ஒவ்வொரு செடியாகக் கொண்டுவந்து தாயிடம் காட்டிக் கேட்டபடி இருந்தாள். காடு அவளுக்கு ஒரு வகுப்பறை.

வீடு வந்தபின் அடுக்களை வேலை. இந்தப் பழத்தைக் கழுவினால் குழைந்துவிடும். ஆதலால் இலையும் தூசும் பொறுக்கிவிட்டு அப்படியே எடுத்தார்கள். ஒரு கிலோ பழத்துக்கு 300 முதல் 400 கிராம் வரை சீனி. அடுப்பில் வைக்காமல், சீனி கரையும் வரை மரக்கரண்டியால் கிளறினாள் மருமகள். அதைச் சிறு டப்பாக்களில் இட்டுப் பனிப்பெட்டியில் உறைய வைத்தால் குளிர்காலம் முழுவதும் பாணுக்கும் தயிருக்கும் ஆகும். முதல் டப்பா கீழ்மாடியில் இருக்கும் அயல்வீட்டுக்குப் போயிற்று. “எங்கட ஊர்ல நாவப்பழம் குடுக்கிற மாதிரித்தான்” என்று ராத்தா சொன்னார். பழத்தின் பெயரும் நாட்டின் பெயரும் மாறினாலும், நிறைந்த கையிலிருந்து அயலாருக்கு ஒரு பங்கு போகும் வழக்கம் மாறவில்லை.

இந்த இனிப்புக் கதைக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதியாகிவிடும். பக்கத்து நாடுகளான சுவீடனிலும் பின்லாந்திலும் இதே போன்ற உரிமை உண்டு. அங்கே கம்பனிகள் புளூபெரியும் லிங்கன்பெரியும் பெருமளவில் வாங்கி ஏற்றுமதி செய்கின்றன. பறிப்பதற்கு வருடந்தோறும் தாய்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை விவசாயிகள் வரவழைக்கப்பட்டார்கள். பின்லாந்திலே அவர்களைத் தொழிலாளர் என்று கணக்கிடவில்லை. எல்லா மனிதருக்குமுள்ள உரிமையின்படி தாமாகவே பறித்து விற்பவர்கள் என்று சொல்லப்பட்டது. ஆகவே நிச்சயித்த சம்பளம் இல்லை. விமானச் சீட்டு, தங்குமிடம், வாகனம் எல்லாவற்றுக்கும் செலவு அவர்கள் தலையில். பழம் குறைந்த வருடத்தில் கடனோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஆட்கடத்தல் குற்றம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்குகளும் உண்டு. பின்லாந்து 2021 இல் அவர்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதுவும் போதாமல், 2025 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து வெளிநாட்டவர்கள் தொழில் ஒப்பந்தத்தோடுதான் பழம் பறிக்க வரவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு விளக்கம் தேவைப்படாது. முகவரிடம் கடன்பட்டு, கனவோடு விமானம் ஏறி, வெறுங்கையோடு திரும்பிய பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஏழையின் பசிக்காகத் திறந்து வைத்த வாசல் வழியாக ஏழையையே சுரண்டுவோர் நுழைந்துவிட்டார்கள். நல்ல சட்டமும் பேராசைக்காரன் கையில் கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

எனவே அந்த உரிமையை உயிரோடு வைத்திருப்பது சட்டப் புத்தகம் மட்டுமல்ல. நான் கண்டவரையில் மூன்று சிறிய கட்டுப்பாடுகள்: பழுத்ததை மட்டும் பறிப்பது, அடுத்த வருடத்துத் தண்டை மிதிக்காமல் இருப்பது, பின்னால் வருபவருக்கு மிச்சம் வைப்பது. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள அந்தக் காட்டில் காவலாளி யாரும் நிற்கவில்லை. வீட்டிலே தாய் சொல்லிக் கொடுத்ததுதான் அங்கே காவல்.

நம் நாட்டிலே காட்டுக்கு வேறு சட்டம். 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் ஓர் இலையையும் கிள்ளக் கூடாது. அது சரியானதே, அதை மீறச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் தடையில்லாத இடங்களில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? பாலைமரம் மிக மெதுவாக வளரும் வைர மரம். ஏறிப் பறிக்கச் சோம்பல்பட்டு, பழத்துக்காகக் கிளையையே வெட்டிச் சாய்ப்பவர்கள் இருக்கிறார்கள். கரடிக்கும் பறவைக்கும் அந்தப் பழம்தான் பருவத்து உணவு என்பதையும் நினைப்பதில்லை. ஒரு நாள் பழத்துக்காகப் பல வருடத்து மரத்தை அழிப்பது, வாப்பா வைத்த முதலைப் பிள்ளை ஒரே நாளில் விருந்து வைத்து முடிப்பதற்குச் சமம்.

பொதுவானது என்றால் யாருடையதும் அல்ல என்று நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். ஆற்றங்கரையில் குப்பை சேர்வதும், கடற்கரை அசுத்தமாவதும், பாதையோர மரத்தின் பழம் பிஞ்சிலேயே உதிர்க்கப்படுவதும் அதனால்தான். பொதுவானது என்றால் எல்லோருடையதும். ஆகவே இன்னும் வராதவருக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பங்கை அவர் வரும்வரை பாதுகாப்பது முன்னால் வந்தவரின் கடமை.

இந்தப் பாடத்தைப் படிக்க நோர்வேக்குப் போகத் தேவையில்லை. அடுத்த முறை உங்கள் பிள்ளை நாவல் மரத்தடிக்கோ நெல்லி மரத்தடிக்கோ ஓடும்போது, கையில் ஒரு சிறு டப்பாவைக் கொடுத்து அனுப்புங்கள். பெரிய உரப்பையைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.